மட்டம் தட்டுதல்

'மட்டம்' என்னும் சொல்லைப்போல் இருமுகம் காட்டும் சொற்கள் தமிழில் சிலவே. கொத்தனார் வாயில் அஃது உயர்ந்த சொல். தரை மட்டமாக இருந்தால் வேலை நேர்த்தி என்று பொருள். அதே சொல் கடைத்தெருவுக்கு வந்ததும் 'மட்டமான சரக்கு' என்று இழிந்துவிடுகிறது. மாணவர்கள் வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள். ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுகிறோம். கணவனும் மனைவியுமாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவரும் எங்களுக்கு, இச்சொல்லின் பொருள்களெல்லாம் ஒரு வீடு கட்டும்போது ஓரிடத்தில் கூடி வந்தன. அந்தக் கதையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அப்போது நாங்கள் தாம்பரத்திற்கு மேற்கே ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். உயிருக்குக் கேடில்லை. ஆனால் நிலைப்பேழையின் கீழிரு தட்டுகளிலிருந்த நூல்கள் நீரில் ஊறிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கி, தட்டைவிட்டு எடுக்கவே வராமல் இறுகிப்போயின. முதுகலை படித்த காலத்தில் பட்டினி கிடந்து வாங்கிய உரைநூல்கள் அவற்றுள் இருந்தன. அன்றே ஒரு முடிவு செய்தோம். சொந்த வீடு என்று ஒன்று கட்டினால், அது தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும்.

2019இல் அதே பகுதியில் ஒரு மனை வாய்த்தது. ஒரு கிரவுண்டு, 40 அடிக்கு 60 அடி. வேறு ஊர் போகக் கூடாதா என்று உறவினர் கேட்டனர். எங்கள் சம்பளத்திற்கு எட்டிய மனை தாழ்ந்த மனையாகத்தான் இருந்தது.

கட்டுமானப் பொறுப்பை ஒரு சிறு நிறுவனம் ஏற்றது. அவர்கள் அனுப்பிய மேஸ்திரி அறுபதைக் கடந்தவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். முதல்நாள் வந்தவர் எங்கள் மனையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டின் வெளிச்சுவரைப் பார்த்தபடி நின்றார். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, சுவரின் இம்முனையிலிருந்து அம்முனைவரை நூல் பிடித்தாற்போல் ஓடியது. 2015இன் வெள்ளம் தேங்கி நின்று விட்டுச்சென்ற கறை.

"தண்ணியே மட்டம் பிடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்குது சார். இதைவிட யாரு சரியாப் பிடிக்க முடியும்? இதுக்கு மேல நாலு விரக்கடை உசத்திக் கட்டிடுவோம்" என்றார்.

அவருடைய கருவிகள் எளியவை. தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், நூல்கண்டு, இவற்றோடு சுருட்டி வைத்த டியூப் லெவல். விரல் பருமனுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கறையோரம் அவர் பிடிக்க, மறுமுனையை உதவியாள் மனையின் மூலைக்குக் கொண்டுபோவார். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், இருமுனையிலும் நீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இதற்கு வேண்டியவை இரண்டே: குழாயில் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது, பிடிப்பவருக்குப் பொறுமை இருக்கவேண்டும்.

நான்காம் நாள் நிறுவனத்தின் இளம் பொறியாளர் இருசக்கர வண்டியின் பின்னால் ஒரு மஞ்சள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். சுழலும் லேசர் மட்டக் கருவி. முக்காலியின்மேல் பொருத்தி விசையை அழுத்தியதும், பெட்டி உள்ளுக்குள் எதையோ சரிசெய்துகொள்வதுபோல் சிறிது நேரம் முனகியது. பிறகு அதன் தலை சுழலத் தொடங்கியது. நிமிடத்திற்கு 600 சுற்று. கலங்கரை விளக்கத்தைப்போல் ஒரே ஓர் ஒளிக்கதிர்தான். ஆனால் அத்தனை விரைவாகச் சுழல்வதால், மனை முழுவதற்கும் மேலே ஒளியால் ஆன ஒரு தளத்தையே அது விரித்துவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் அத்தளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அளவுகோலில் மாட்டிய ஒரு சிறு உணர்விதான் அதைக் கண்டு சொல்லும். உணர்வி தளத்திற்கு மேலே இருந்தால் விரைந்த ஒலி, கீழே இருந்தால் தளர்ந்த ஒலி, சரியாக அமர்ந்தால் இடைவிடாத ஒரே ஒலி.

முதல் லேசர் 1960 மே 16 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியடோர் மைமன் என்பவரால், ஒரு மாணிக்கக் கல்தண்டிலிருந்து பெறப்பட்டது. இயற்பியலார் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒளி, எங்கள் மனையில் சித்தாள்கள் செங்கல் சுமக்கும் இடத்தில் சுழல்வதைக் காண எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. வேலைக்கு இடையூறாக நின்றுகொண்டிருந்த எங்களுள் ஒருவரிடம் அளவுகோலைக் கொடுத்துவிட்டார் பொறியாளர். மற்றவர் குறிப்பேட்டை ஏந்திக்கொண்டோம்.

கணக்கு எளிதுதான். தெருமுனைச் சிறுபாலத்தின் கல்லை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். எண்ணில் பொருளில்லை, ஒப்பிட ஓர் அசையாத இடம் வேண்டும், அவ்வளவே. கல்லின்மேல் கோலை நிறுத்தியபோது ஒளித்தளம் 1.420இல் பட்டது. ஆகவே ஒளித்தளத்தின் உயரம் 101.420. இனி எந்த இடத்தில் கோலை வைத்தாலும், கோல் காட்டும் அளவை இதிலிருந்து கழித்தால் அவ்விடத்தின் உயரம் கிடைத்துவிடும். தெருவின் நடுமுதுகு 100.110. வெள்ளக்கறை 101.010. அதாவது, 2015இல் தெருவின்மேல் 90 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றிருக்கிறது. மேஸ்திரி சொன்ன நாலு விரக்கடையைப் பொறியாளர் 10 சென்டிமீட்டராக ஆக்கி, எங்கள் வீட்டுத் தரை 101.110 என்று குறித்தார். தெருவைவிடச் சரியாக ஒரு மீட்டர் உயரம்.

சிக்கல் மனையின் கடைசி மூலையில் வந்தது. முக்காலி தெருவோரம் இருந்தது; மூலை அதிலிருந்து 18 மீட்டர் தொலைவு. அங்கே மேஸ்திரி டியூப் லெவலால் முன்பே ஒரு கோடு போட்டிருந்தார். லேசர் காட்டிய கோடு அதற்கு 14 மில்லிமீட்டர் கீழே விழுந்தது.

"டியூப்ல ஏர் இருக்கும் மேஸ்திரி. மெஷின் பொய் சொல்லாது" என்றார் பொறியாளர்.

மேஸ்திரி எங்களைப் பார்த்தார். நாங்கள் இயந்திரத்தைப் பார்த்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லைதான். ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது. அன்று அவரை மட்டம் தட்டியவர் பொறியாளர் மட்டும் அல்லர்.

அவர் குழாயிலிருந்த நீரையெல்லாம் வடித்தார். மறுபடி நிரப்பினார். குழாயை நெடுக நீவி, சுண்டி, குமிழிகளை வெளியேற்றினார். இரு முனைகளையும் அருகருகே பிடித்து, நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று எங்களையும் அழைத்துக் காட்டினார். பிறகு மீண்டும் மூலைக்குப் போனார். பழைய கோட்டிலேயே நீர் வந்து நின்றது.

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே, "தம்பி, இந்தப் பொட்டி தானா மட்டம் பிடிச்சுக்குதே, உள்ள என்ன இருக்குது?" என்று கேட்டார்.

பொறியாளர் நல்ல பிள்ளை. பொறுமையாகவே விளக்கினார். சில கருவிகளில் தொங்கும் ஊசல் ஒன்று இருக்கும். அதுதான் நேர்க்கோட்டைக் காட்டும். இந்தக் கருவியில் குமிழியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. குமிழி நடுவுக்கு வரும்வரை சிறு மோட்டார்கள் ஒளிமூலத்தைச் சாய்த்துச் சரிசெய்யும். முக்காலி 5 பாகைவரை சாய்ந்திருந்தாலும் அதுவே நிமிர்த்திக்கொள்ளும்.

"அப்ப உள்ள இருக்கிறது ரசமட்டந்தானே? ரசமட்டம் வாங்குனா, ஒருதரம் வச்சுப் பாத்துட்டு, அதே இடத்துல தலைமாத்திப் போட்டுப் பாப்போம். ரெண்டு தரமும் குமிழி ஒரே எடத்துல நின்னாத்தான் அது ரசமட்டம். இல்லாட்டி வெறுங்கட்டை. இதையும் திருப்பிப் போடுங்க, பாப்போம்."

பொறியாளர் சற்றே தயங்கினார். பிறகு, முக்காலியை அசைக்காமல், கருவியை மட்டும் 180 பாகை திருப்பி வைத்தார். எங்களுள் ஒருவர் கடைசி மூலைக்கு அளவுகோலோடு ஓடினோம். ஒளித்தளம் இப்போது முன்பு பட்ட இடத்தைவிட 28 மில்லிமீட்டர் உயரே பட்டது.

14இன் இரட்டிப்பு 28. கருவி ஒருபுறம் சாய்ந்த தளத்தையே மட்டம் என்று நம்பி விரித்திருக்கிறது. திருப்பி வைத்தபோது அச்சாய்வு மறுபுறம் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதே உண்மையான மட்டம். நடுவில் கோடு போட்டால் அது மேஸ்திரியின் பென்சில் கோட்டின்மேலேயே விழுந்தது. நல்ல நிலையிலிருக்கும் இத்தகைய கருவிகள் 30 மீட்டர் தொலைவில் ஓரிரு மில்லிமீட்டருக்குமேல் பிசகுவதில்லை. இது முந்தின வாரம் வண்டியிலிருந்து விழுந்திருக்கிறது. அதைப் பொறியாளரே சொன்னார், சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மொழி கற்பிப்பவர்கள் என்பதால் ஒன்றைக் கவனித்தோம். அதுவரை 'மேஸ்திரி' என்று விளித்துவந்தவர், அன்று மாலை புறப்படும்போது 'வரேண்ணே' என்றார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், பழைய கருவி வென்றது என்று எழுதிவிட்டு மகிழ்ந்திருப்போம். மூன்று வாரம் கழித்து, செப்பனிடப்பட்டு வந்த அதே லேசர், சமையலறை மூலையில் டியூப் லெவல் 9 மில்லிமீட்டர் பிசகியதைக் காட்டியது. கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தும் அதே அளவு. குழாயைத் தூக்கிப் பார்த்தால், வளைவில் ஒரு குமிழி. "இன்னைக்கு நம்ம ஆளு பொய் சொல்லிட்டான் தம்பி" என்று சிரித்தபடி மேஸ்திரி தம் கோட்டைத் தாமே அழித்தார்.

நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார், மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதைப்போல் மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்கிறார். ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறோம். நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல் நட்டு நிழல் பார்த்து, நுட்பமாகக் கயிறிட்டதைப் பாடுகிறார். அதையும் நடத்துகிறோம். ஆனால் நூலும் பிசகக்கூடும்; அது பிசகுகிறதா என்று அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவனே நூலறிந்தவன் என்பதை, கால் முழுவதும் சிமெண்டு படிந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம்.

நீர்மட்டத்திற்கும் ஒளிமட்டத்திற்கும் வேறொரு நுண்ணிய வேற்றுமை உண்டு என்று பொறியாளர் சொன்னார். நீர் பூமியின் வளைவைத் தழுவி நிற்கும். ஒளியோ ஏறத்தாழ நேரே போகும். 100 மீட்டர் தொலைவில், வளைவுக்கும் நேர்க்கோட்டிற்கும் உள்ள இடைவெளி முக்கால் மில்லிமீட்டர் அளவே. ஒரு வீட்டிற்கு இது பொருட்டன்று. ஆயினும், தண்ணீர் பூமியோடு வளைந்து போகிறது என்னும் அச்செய்தி எங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது.

இனிச் சொல்லப்போவதே, இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கறை படிந்த சுவர் என்றோமே, அந்த வீட்டில் எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே இருக்கிறார். கணவரும் அவரும் 1994இல் கட்டிய வீடு. கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனார்களாம். லேசர் செப்பனிடப்பட்டு வந்த நாளில், ஓர் ஆள் அரைமணி நேரத்தில் தெருவையே அளந்துவிடலாம் என்பதால், பொறியாளர் மழைநீர் வடிகால், எதிர்வீடுகளின் வாசல் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தார். டியூப் லெவலென்றால் இருவருக்கு அரைநாள் வேலை. யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டோம். வெள்ளக்கறையையும் மூன்று வீடுகளில் அளந்தார். மூன்றும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்திருந்தன. மேஸ்திரி சொன்னது மெய்தான். தண்ணீர் தெரு முழுவதற்கும் மட்டம் பிடித்திருந்தது.

"எங்க வீட்டையும் பாருப்பா" என்றார் அம்மையார்.

திறந்த கதவின் வழியே ஒளி உள்ளே போயிற்று. அவர் வீட்டுக் கூடத்தில் எங்களுள் ஒருவர் கோலை நிறுத்தினோம். தளர்ந்த ஒலி. உணர்வியை உயர்த்தினோம், இன்னும் தளர்ந்த ஒலி. ஒருவழியாக ஒலி தொடர்ந்து நின்றபோது, கோலின் அளவு 1.530. கழித்தால் 99.890.

"என்ன சொல்லுது?"

எங்களால் உடனே சொல்ல முடியவில்லை. பொறியாளர்தான் சொன்னார். "ரோட்டைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கு பாட்டி."

"நான் கீழே கட்டலைப்பா. ரோடு மேலே போயிடுச்சு."

உண்மைதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், ஒவ்வொரு முறையும் மேலேயே புதுத்தாரைக் கொட்டிப்போன தெரு அது. அன்றிரவு குறிப்பேட்டில் மற்றொரு கழித்தலையும் செய்து பார்த்தோம். எங்கள் தரை 101.110; அவர் தரை 99.890. இடையே 1.22 மீட்டர். நான்கு அடி.

எங்கள் திட்டப்படி வீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் தெருவைவிட 45 சென்டிமீட்டர் உயர்த்தி, கிராவல் மண் கொட்டி நிரப்பவேண்டும். லாரிக்குச் சொல்லியும் ஆயிற்று. மேஸ்திரி சொன்னார்: "வீட்டை உசத்துங்க, அது உங்க பாடு. சுத்திக் கொட்டுற மண்ணு இருக்குதே, அது அந்தம்மா வீட்டு வெள்ளம்."

மூன்று இரவுகள் எங்களுக்குள் வழக்காடினோம். எங்கள் மனையில் நாங்கள் மண் கொட்டுவதை யாரும் தடுக்க முடியாது. தெருவில் புதிதாகக் கட்டிய எல்லாரும் கொட்டியிருந்தார்கள். கொட்டாவிட்டால் எங்கள் வண்டிகள் நனையும், கிணற்றில் தெருநீர் இறங்கும். இவை யாவும் நியாயமான வாதங்கள். ஆனால் லேசரின் எண்கள் குறிப்பேட்டில் இருந்தன. அளக்காதவரை, 'கொஞ்சம் தாழ்வுதான்' என்று சொல்லிக்கொண்டு உறங்கியிருப்போம். அளந்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

லாரியில் பாதியை நிறுத்தினோம். பின்கட்டில் 100.250இல் தொடங்கி, முன்வாசலில் 100.070இல் முடியுமாறு தரையை வாட்டம் விட முடிவாயிற்று. 18 மீட்டருக்கு 18 சென்டிமீட்டர், நூற்றுக்கு ஒன்று. இங்கேதான் சுழலும் லேசரின் முழுத்திறமும் தெரிந்தது. அதில் சாய்வை ஒரு விழுக்காடு என்று எண்ணால் கொடுத்துவிட்டால், ஒளித்தளமே அந்த அளவுக்குச் சாய்ந்துகொள்ளும். பிறகு இரண்டு மீட்டருக்கு ஒருமுறை கோலை நிறுத்தி, ஒலி ஒரே சீராக வரும்வரை மண்ணை வெட்டவோ கூட்டவோ வேண்டியதுதான். கழனியைச் சமன்படுத்த, டிராக்டரின் பின்னால் இழுக்கும் வாளியில் உணர்வியைப் பொருத்தி, இதே ஒளியைப் பயன்படுத்துகிறார்கள் என்று பொறியாளர் சொன்னார். பரம்புப் பலகையில் நின்ற தம் இளமையை மேஸ்திரி நினைவுகூர்ந்தார். அம்மையாரின் சுவரோரம் எங்கள் பக்கத்தில் ஓர் ஆழமான வாய்க்காலும் அமைத்து, நீர் அவர் பக்கம் கசியாமல் தெரு வடிகாலுக்குப் போகச் செய்தோம்.

இதனால் அவர் வீடு காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. அடுத்த மூன்றாண்டுகளின் மழையில் எங்கள் மனையின் நீர் அவர் முற்றத்திற்குப் போகவில்லை. அவ்வளவே எங்களால் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தெருவே ஏரியாயிற்று. அத்தனை பெரிய வெள்ளத்திற்கு ஒரு மனையின் வாட்டம் எம்மாத்திரம்? அம்மையார் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். எங்கள் வண்டிகளும் நனைந்தன. எங்கள் தரைக்கும் நூல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இருள் கவியும் நேரத்தில் அவரைக் கைபிடித்து அழைத்து வந்தோம். எங்கள் முற்றத்திலிருந்து வீட்டுத் தரைக்கு ஏழு படிகள். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், மில்லிமீட்டர் பிசகாதவை. அவருக்கு மூட்டுவலி. நான்காம் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"எவ்வளவு உசரமாக் கட்டியிருக்கீங்க" என்றார்.

அது பாராட்டா, குறையா, வெறும் வியப்பா என்று இன்றுவரை எங்களுக்குப் பொருள் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் எங்களோடு இருந்தார். வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, விசாரிக்கலாமா என்று மெல்லக் கேட்டோம். "இனிமே யாருக்குத் தூக்கணும்?" என்றார்.

தண்ணீர் வடிந்த மறுவாரம் மேஸ்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி, படிகளுக்குக் கைப்பிடி வைக்க வரவழைத்தோம். வேலையை ஏறத்தாழ விட்டுவிட்டவர், கேட்டதற்காக வந்தார். கைப்பிடி எத்தனை அடி உயரம் வரவேண்டும் என்று கேட்டோம். அவர் அளவுநாடாவை எடுக்கவில்லை.

"அந்தம்மாவைக் கூப்பிடுங்க. முதப்படியில நின்னு, கையைச் சும்மா வைக்கச் சொல்லுங்க" என்றார்.

அம்மையார் வந்து நின்றார். காற்றில் கை வைத்தார். கை நின்ற இடத்தில் மேஸ்திரி பென்சிலால் ஒரு கோடு போட்டார்.